ஊர் மாறும் பின்காவலன்

(வேலூர் லாங் பஜார் சங்க மண்டபத்தில் நிகழ்ந்த மாதக் கூட்டத்தில், நம் சங்க உறுப்பினராகிய தமிழ்ப் பண்டிதர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் யான் பலமுறை பேசியிருக்கின்றேன். இலக்கியம் பேசினேன், ஒழுக்கம் பேசினேன், சிக்கனம் பேசினேன். இன்று உதைபந்தாட்டம் பற்றிப் பேசுவேன் என்று அறிவிப்பில் கண்ட அன்பர் சிலர், பண்டிதர்க்கும் பந்துக்கும் என்ன உறவு என்று நகைத்ததாகக் கேள்வி. அந்நகைப்பு நியாயமானதே. யான் பந்தை உதைத்தவனல்லன். பந்தை உதைத்த மாணவரைக் கடிந்தவன். அக்காரணம் பற்றியே இன்று பேச எழுந்தேன்.

செய்தி இது. நம் கல்விநிதிக் குழுவுக்குச் சென்ற மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. இவ்வீதியில் பருப்பு மண்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவருடைய மகன், பன்னிரண்டாம் வகுப்பில் பயில்பவன், உதைபந்தாட்டத்தில் பின்னின்று தடுக்கும் இடத்தில் ஆடுகிறவன். வெளியூரிலுள்ள பயிற்சிக்கழகம் ஒன்று அவனை ஈராண்டுப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. உணவு, உறையுள், பயிற்சிச் செலவு ஆகியவற்றிற் பாதியைக் கழகம் ஏற்கும். மறுபாதிக்கு நம் நிதியினின்று உதவி வேண்டும் என்பது விண்ணப்பம். குழுவினர் ஐவர். கொடுக்கலாம் என்பார் இருவர். பந்தாட்டம் கல்வியாகாது, ஆதலின் கொடுத்தல் கூடாது என்பார் இருவர். ஐந்தாமவன் யான்.

கூட்டம் கலைந்தபின், அப்பையனுடைய தந்தையார் என்னைத் தனியே அழைத்துச் சென்று, "ஐயா, விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவன் நானே. ஆயினும் தாங்கள் அதனை மறுத்துவிட வேண்டும். நான் மறுத்தால் என் மகன் என்னை வாழ்நாள் முழுதும் நோவான், சங்கம் மறுத்தால் விதி என்று அமைந்துவிடுவான்" என்றார். அவர் இசைவு பெற்றே இதனை இங்குக் கூறுகின்றேன். அவர் கண்களில் அன்று யான் கண்டது கஞ்சத்தனமன்று, பிள்ளைப் பாசம். கோல் போடுகிறவனுக்காவது பேர் உண்டு, தடுத்து நிற்பவனுக்கு யார் மாலை போடுவார் என்று அவர் கேட்டார். அவ்வினாவுக்கு விடை எனக்கு அன்று தெரியவில்லை.

வேறொரு காரணத்தால் என் உள்ளம் அன்றிரவு உறங்கவில்லை. பதினான்கு ஆண்டுகட்கு முன்னர், இதே நிலையில் மாணவன் ஒருவன் என்பால் வந்து நின்றான். அவனும் பின்னின்று தடுப்பவனே. அவனை நோக்கி, பந்தை விடு, புத்தகத்தைப் பிடி என்று யான் கூறினேன். அவன் விட்டான். இன்று ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வை செய்கிறான், இல்லறம் நடத்துகிறான், குறையொன்றுமில்லை. சென்ற பொங்கலின்போது அவனும் யானும் கோட்டை மைதானத்தின் ஓரமாக நடந்து வந்தோம். சிறுவர் பந்தாடிக்கொண்டிருந்தனர். பேசிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். பத்து நிமிடம் நின்றான். பின்னர், "ஐயா, இடப்பக்கத்துப் பையன் இரண்டடி முன்னே நிற்க வேண்டும்" என்று ஒரு சொல் கூறி, மீண்டும் நடந்தான். அவன் என்னைக் குறைகூறவில்லை. ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது. என்னை? யான் அன்று கூறிய அறிவுரை பிழையோ சரியோ அறியேன். ஆனால் ஒன்றும் விசாரியாமற் கூறினேன் என்பது மட்டும் உறுதி. அறியாது கூறும் அறிவுரை, எடைக்கல் இல்லாத தராசு போன்றது. ஆதலின் இம்முறை விசாரித்த பின்னரே வாக்களிப்பது என்று துணிந்தேன். விசாரித்து யான் அறிந்தவற்றை முறையே உங்கள்முன் வைக்கின்றேன்.

முதற்கண், இப்பின்காவலன் செய்யும் தொழில் யாது? 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உடையது கோல்வாயில். அதனுட் பந்து புகாவண்ணம் காப்பது கோல்காவலர் ஒருவர் கடனே என்று நாம் நினைக்கிறோம். அவ்வாறன்று. கோல்காவலரிடம் பந்து வந்து சேர்வதற்கு முன்னரே அதனை மடக்குவோர் அவர்க்கு முன்னே நிற்கும் மூவர் அல்லது நால்வர். நம் புறப்பொருள் இலக்கணத்தில் மதில் வளைத்தலை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் வகுத்தனர். வெற்றிமாலை சூடிய வேந்தர் புகழ் பெரிதாயினும், நொச்சி சூடிக் காத்தவனுக்கும் ஒரு தனித் திணை வகுத்த நாகரிகம் நம்முடையது. இவ்வூர்க் கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறதே, அதனை நாள்தோறும் கடந்து செல்கிறோம்; அதன் பயனை எண்ணுவதில்லை. பின்காவலனும் அத்தகையவனே.

இத்தொழிலின் நுட்பம் ஆட்டச் சட்டத்தோடு பிணைந்தது. 1925-க்கு முன்னர், முன்னணியாளன் ஒருவனுக்கும் கோல்வாயிலுக்கும் இடையே எதிர்க்கட்சியார் மூவர் இருந்தாலன்றி அவன் ஆஃப்சைடு எனப்பட்டான். 1925-இல் அத்தொகை இரண்டாகக் குறைக்கப்பட்டது. உடனே கோல்கள் பெருகின. அதனைத் தடுக்க, நடுவில் நின்றாடிய ஒருவரைப் பின்னே இழுத்து மூன்றாம் பின்காவலராக்கும் முறை இங்கிலாந்திற் பரவியது. 1992-இல் மற்றொரு சட்டம் வந்தது: பின்காவலன் வேண்டுமென்றே காலால் உதைத்துப் பின்னுக்கு அனுப்பும் பந்தைக் கோல்காவலர் கையால் தொடலாகாது. அதுவரை, இடர் வந்தபோது பந்தைப் பின்னே தள்ளிவிட்டு மூச்சு விடலாம். அன்று முதல் பின்காவலனும் பந்தை ஆளத் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. உடல் வலிமை மட்டும் போதும் என்று எண்ணிய காலம் போயிற்று. நால்வரும் ஒரே கோட்டில் ஒரே கணத்தில் அடியெடுத்து வைக்கும் கூட்டறிவு வேண்டும். ஒருவன் ஓரடி பின்தங்கினால் நால்வர் உழைப்பும் பாழ். என் பழைய மாணவன் கூறிய "இரண்டடி முன்னே" என்பதன் பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது.

தோல் பதனிடும் பிரதேசத்தில் வாழும் நமக்கு இவ்வாட்டம் அந்நியமன்று. பந்து 410 முதல் 450 கிராம் எடையும், 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. முன்னாளில் அது தோலாலே தைக்கப்பட்டது. மழையில் தோல் நீரை உண்டு கனத்துவிடும். அதனைத் தலையால் முட்டித் தள்ளும் வேலை பெரும்பாலும் பின்காவலனுக்கே வாய்த்தது. 1986-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் முழுதும் செயற்கைப் பொருளாலான பந்து முதன்முதலாக ஆடப்பட்டது. காலணியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சு அணியோடு ஆடி 2க்கு 1 என்ற கணக்கில் தோற்றனர். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. அவ்வணியின் தலைவர் நாகர் மலைநாட்டைச் சேர்ந்த தாலிமெரன் ஆவ், அவரும் பின்காவலரே. அவர்க்குத் துணை நின்ற பின்காவலர் சைலன் மன்னா.

இச்சைலன் மன்னாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1942 முதல் 1960 வரை கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் ஒன்றிற்கே ஆடினார். 1951-இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில், அவர் தலைமையில் இந்தியா ஈரானை 1க்கு 0 என வென்று தங்கம் பெற்றது. அவர் வயிறு வளர்த்தது பந்தினாலன்று. நிலவியல் ஆய்வுத்துறையில் உத்தியோகம் பார்த்தார். அக்காலத்து ஆட்டக்காரர் நிலை பெரிதும் இதுவே. சென்னையிலும் அவ்வாறே ரயில்வே, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, போலீசு, வங்கி முதலியவை ஆட்டக்காரரை வேலையில் அமர்த்தி அணி நடத்தின. காலையில் பந்து, பின்னர்ப் பேரேடு. கால் ஓய்ந்த பின்னும் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. இந்தியன் வங்கி அணி, 1996-இல் தொடங்கிய தேசிய லீகிலும் இடம் பெற்றது.

அம்முறை பையப் பைய மாறிற்று. 2007-இல் தேசிய லீக் ஐ-லீக் ஆயிற்று. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. இப்பொழுது மேல்நிலை ஆட்டக்காரன் உத்தியோகஸ்தன் அல்லன், ஒப்பந்தக்காரன். பெரும்பாலும் சில ஆண்டு ஒப்பந்தம். அது முடிந்தால் வேறு கழகம், வேறு ஊர், வேறு மொழி, வேறு சோறு. நம் முன்னோர் காலத்தில் பாணரும் பொருநரும் ஒரு வள்ளலிடமிருந்து மற்றொரு வள்ளலிடம் வழி கேட்டுச் சென்றனரல்லவா? அதுபோலவே இவரும் செல்கின்றனர். இத்தகையோரைத்தான் ஊர் மாறும் பின்காவலர் என்று தலைப்பிட்டேன்.

இவ்விடத்தில் ஒரு வழக்கைக் கூறல் வேண்டும். பெல்ஜியம் நாட்டில் ஜீன் மார்க் போஸ்மன் என்னும் ஆட்டக்காரருடைய ஒப்பந்தம் 1990-இல் முடிந்தது. பிரான்சிலுள்ள ஒரு கழகத்திற்குச் செல்ல அவர் விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பின்னும், பணம் தந்தாலன்றி விடோம் என்றது பழைய கழகம். அவர் நீதிமன்றம் ஏறினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவனைத் தடுத்து நிறுத்தும் உரிமை கழகத்திற்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. கணக்குத் தீர்ந்த ஆளை மண்டியில் கட்டிவைக்க ஒண்ணாது என்பதே அதன் சாரம். இன்று உலகெங்கும் ஆட்டக்காரன் கால எல்லை முடிந்தவுடன் தன் விருப்பம்போல் செல்லலாம். அவ்விடுதலைக்குப் பின்புறம் ஒன்றுண்டு: கழகமும் அவனை அவ்வண்ணமே விட்டுவிடலாம்.

இனி, இவ்வாழ்வு வாழ்ந்தவர் சிலரைக் காண்போம். அண்டை நாடாகிய கேரளத்துத் திருச்சூரைச் சேர்ந்தவர் ரினோ ஆன்டோ, வலப்பக்கப் பின்காவலர். 1987-இல் ஜாம்ஷெட்பூரில் நிறுவப்பெற்ற டாட்டா உதைபந்துப் பயிற்சிக்கழகத்தில் பயின்றவர். பின்னர் கல்கத்தாவில் மோகன் பகான்; அப்பால் கோவாவில் சல்கோகர்; 2013 முதல் பெங்களூர்க் கழகம். இந்தியன் சூப்பர் லீகும் ஐ-லீகும் அக்காலத்து வெவ்வேறு மாதங்களில் நடந்தமையால், ஒரே ஆட்டக்காரன் ஆண்டின் ஒரு பகுதியை ஒரு கழகத்திலும் மறுபகுதியை மற்றொன்றிலும் கழித்தான். 2015 ஜூலை மாதத்தில் பத்து ஆட்டக்காரரை ஏலமுறையில் எடுத்தனர். அவருள் ரினோ ஆன்டோவைக் கல்கத்தா அணி 90 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. 2016-இல் கேரள அணிக்கு ஆடினார். பின்னர் மீண்டும் பெங்களூர் சென்றார். எண்ணிப் பாருங்கள்: கிழக்குக் கடற்கரையும் மேற்குக் கடற்கரையும் மாறி மாறி அவர் பெட்டி சென்றிருக்கிறது.

90 லட்சம் என்றதும் இங்குச் சிலர் நிமிர்ந்து உட்காரக் காண்கிறேன். நிற்க. அவ்வேலத்தில் இருந்தவர் பதின்மரே. நாடு முழுவதும் பந்தால் பிழைக்க முயல்வோர் ஆயிரக்கணக்கினர். மாணிக்கக்கல் ஒன்றன் விலையைக் கேட்டுக் கூழாங்கல் வியாபாரம் தொடங்கலாகாது.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகையோர் உளர். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த தர்மராஜ் ராவணன் நடுப் பின்காவலர். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், புனே சிட்டி, சென்னை சிட்டி எனப் பல கழகங்களில் நின்றாடியவர். மோகன்ராஜ் என்னும் மற்றொரு தமிழ்ப் பின்காவலர், 2014-இல் இந்தியன் சூப்பர் லீகின் முதற் கோப்பையை வென்ற கல்கத்தா அணியில் இருந்தார். இறுதியாட்டத்தில் கோல் அடித்த முகம்மது ரபீக்கைப் பலர் அறிவர்; தடுத்தவரை நம் நாட்டவரே அறியார்.

தடுப்பவனுக்கும் ஒரு நாள் வரும் என்பதற்குக் கோயம்புத்தூர் சான்று. 2019 மார்ச்சு 9. சென்னை சிட்டி கழகம், கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியோடு ஐ-லீகின் கடைசி ஆட்டம் ஆடியது. வென்றால் கோப்பை உறுதி. தவறினால் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி தட்டிச்செல்லக்கூடும். தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. பிற்பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியால் சமன் செய்தார். அப்பால் இரண்டு கோல்கள் விழுந்தன. இரண்டையும் அடித்தவர் முன்னணியாளரல்லர். அசாமிலிருந்து வந்த கௌரவ் போரா என்னும் இளம் பின்காவலர். 3க்கு 1 என வென்று, 43 புள்ளிகளோடு கோப்பை தமிழ்நாட்டிற்கு முதன்முறையாக வந்தது. ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42. சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். நமக்கு வெற்றி தேடித் தந்த அவ்விளைஞர் அதே ஆண்டில் ஒடிசாக் கழகத்திற்குச் சென்றார். ஊர் மாறுவோர் செய்யும் தொண்டு இத்தன்மையது: வந்த ஊருக்கு நன்மை செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகின்றனர்.

நன்மை பேசினேன், இடரும் பேசல் வேண்டும். தந்தையார் அச்சம் வீணன்று. இடர் மூன்று.

முதலாவது, உடல். சண்டிகரைச் சேர்ந்த சந்தேஷ் ஜிங்கன் நாட்டின் தலைசிறந்த பின்காவலருள் ஒருவர். 2019 அக்டோபரில் முழங்கால் தசைநார் அறுந்து, அவ்வாண்டு ஆட்டக்காலம் முழுவதையும் இழந்தார். 2021-இல் குரோவேசியா நாட்டுக் கழகமொன்றிற்குச் சென்றார். ஐரோப்பாவில் ஆடும் பேறு கிடைத்ததென்று மகிழ்ந்த வேளையில் மீண்டும் காயமுற்று, அங்குப் போட்டி ஒன்றும் ஆடாமலே திரும்பினார். பெரியவர்க்கே இந்நிலையெனில், பெயர் அறியாச் சிறுவன் முழங்கால் முறிந்தால் யார் பார்ப்பார்?

இரண்டாவது, கழகம் நிலையாமை. 1996–97-இல் தேசிய லீகின் முதற் கோப்பையை வென்ற ஜே.சி.டி. அணி 2011-இல் கலைக்கப்பட்டது. பம்பாயின் மகிந்திரா யுனைட்டெட் 2010-இல் கலைந்தது. சல்கோகரும் ஸ்போர்ட்டிங் கோவாவும் 2016-இல் ஐ-லீகிலிருந்து விலகின. நம் சென்னை சிட்டி கழகமே கோப்பை வென்று சில ஆண்டுகட்குள் அந்த லீகினின்று மறைந்தது. 2025-இல் நடந்ததோ இன்னும் பெரிது. லீகை நடத்தும் நிறுவனத்திற்கும் அகில இந்தியச் சம்மேளனத்திற்கும் இடையே இருந்த பதினைந்தாண்டு ஒப்பந்தம் டிசம்பர் மாதத்தில் முடிவுறுவதாக இருந்தது. புது ஒப்பந்தம் முடிவாகாமையால், ஜூலை 11 அன்று ஆட்டக்காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர்க் கழகம் ஆட்டக்காரர் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் கழகமும் தன் நடவடிக்கைகளை நிறுத்தியது. மேலிடத்தில் இருவர் ஒப்பந்தம் தீராமற்போனால், கீழே நிற்கும் பின்காவலன் வீட்டில் அடுப்பு அணைகிறது. மேல்நிலையில் ஆடியவர்க்கே இது நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்றாவது, காலம். முப்பத்திரண்டு, முப்பத்தைந்து வயதில் இத்தொழில் முடிந்துவிடும். தோற்கடையில் நாற்பது வயதுக் கைக்குத்தான் மதிப்பு. பந்தாட்டத்தில் நாற்பது வயதுக் காலுக்கு வேலையில்லை. எஞ்சிய முப்பது ஆண்டுகள் எவ்வாறு கழியும் என்பது முதல் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வளவும் அறிந்தபின், யான் ஒரு காரியம் செய்தேன். என் பழைய மாணவனுக்குக் கடிதம் எழுதி, இப்பையனுடைய தந்தையாரோடு அப்பயிற்சிக்கழகத்தை நேரிற் கண்டு வரும்படி வேண்டினேன். அவன் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்றான். பருப்பு மண்டிக்காரரும் தோற்சாலைக்காரனும் ஒரே ரயிலில் சென்று, மறுநாள் திரும்பினர். பிள்ளைகள் உண்ணும் சோற்றை உண்டு பார்த்தனர். படுக்கும் அறையைக் கண்டனர். பிள்ளைகளைப் பகலில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்புகின்றனர் என்றும், காயம் பார்க்கும் மருத்துவர் வாரம் இருமுறை வருகிறார் என்றும், ஈராண்டு முடிவில் எவ்விதமான வேலையும் உறுதி கூறப்படவில்லை என்றும் வந்து கூறினர். கடைசியிற் கூறியது கசப்பாயினும், மறையாமற் கூறினார்களே என்று அக்கழகத்தின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டாயிற்று. பையன் எவ்வாறு ஆடுகிறான் என்று என் மாணவனைக் கேட்டேன். "ஐயா, பந்து வருவதற்கு முன்னரே பந்து வரும் இடம் அவனுக்குத் தெரிகிறது. அதனைக் கற்பிக்க முடியாது" என்றான். அதனைக் கூறியபோது அவன் குரல் சற்றே தழுதழுத்தது. யான் தலைகுனிந்தேன்.

அன்பர்களே! "தடுத்து நிற்பவனுக்கு யார் மாலை போடுவார்?" என்ற வினாவுக்கு இப்பொழுது விடை கூறுகிறேன். பற்றும் வரவும் எழுதுகிற நமக்கு இது எளிதில் விளங்கும். கோல் அடிப்பவன் செய்தது வரவில் ஏறும். பின்காவலன் பிழைத்தால் அது பற்றில் ஏறும். ஆனால் அவன் தொண்ணூறு நிமிடம் பிழையாமல் நின்றால், அதற்குப் பேரேட்டில் பத்தியே இல்லை. வாராத நட்டத்தை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதுவதில்லை. ஆயினும் வாராத நட்டத்தினாலேதான் கடைகள் நிலைக்கின்றன. நள்ளிரவில் பூட்டை இழுத்துப் பார்க்கும் காவலாள், கலப்படச் சரக்கைத் திருப்பியனுப்பும் மூத்த ஆள், பிள்ளைகள் பசியறியாதபடி அரிசிப் பானையைக் கணக்கிட்டுச் சமைக்கும் தாய், இவர்க்கெல்லாம் யார் மாலை போட்டனர்? இச்சபையில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் பின்காவலரே. முதற் பரிசு பெறும் மாணவர்க்கே ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்துகிறோம். நடுவே நின்று நாணயமாய் உழைப்போரை நாம் மேடைக்கு அழைத்ததுண்டா? தந்தையார் கேட்ட வினா அவர் மகனைப் பற்றியது மட்டுமன்று. நம்மைப் பற்றியதும் ஆகும்.

ஆதலின் என் வாக்கு கொடுக்கலாம் என்பதே. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டன்று, நிபந்தனைகளோடு.

பையனுக்கு முதற்கண் கூறுகிறேன். தம்பி! பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதித் தேறிய பின்னரே நீ ரயிலேற வேண்டும். பயிற்சிக் காலத்தில் கல்லூரியிலாவது, அஞ்சல்வழியிலாவது ஒரு பட்டப்படிப்பை நடத்துதல் வேண்டும். ஒப்பந்தம் என்று எவர் தாள் நீட்டினும், நம் சங்கத்து வக்கீலிடம் காட்டாமற் கையொப்பமிடலாகாது. சர்வதேசச் சம்மேளன விதிப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவனோடு மூன்றாண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செல்லாது. மற்றவர்க்கும் ஐந்தாண்டே எல்லை. இரண்டு மாதச் சம்பளம் தராமல் நிறுத்தினால், பதினைந்து நாள் எழுத்து மூலம் தவணை கொடுத்துவிட்டு விலகும் உரிமை ஆட்டக்காரனுக்கு உண்டு. இவற்றைத் திருமந்திரம்போல் மனத்தில் வைத்துக்கொள். பெறும் பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வை. பயிற்சியாளர்க்குரிய உரிமத்தின் முதற்படியை ஆடும் காலத்திலேயே எழுது. கால் ஓய்ந்த நாளில் அது சோறு போடும். தமிழ்நாட்டு அரசின் குறிப்பிட்ட பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்கு வேண்டிய சான்றுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வை.

தந்தையாருக்கு ஒரு சொல். ஐயா! தாங்கள் மறுக்க வேண்டிய வேலையைச் சங்கத்தின் தலையில் வைத்தீர்கள். சங்கம் அதனை ஏற்க இயலவில்லை, மன்னிக்க வேண்டும். மகனை அனுப்புவதும் நிறுத்துவதும் தங்கள் உரிமை. ஆனால் எதனைச் செய்யினும் தாங்களே அவன் முகம் நோக்கிக் கூறிச் செய்யுங்கள். முகம் நோக்கிக் கூறிய மறுப்பைப் பிள்ளைகள் ஒரு நாள் பொறுப்பர். மறைவில் நின்று செய்த மறுப்பைப் பொறார்.

சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, கல்விநிதி விதியில் கல்வி என்ற சொல்லுக்கு அடுத்து, தேர்ந்த தொழிற்பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் என்று சேர்த்தல் வேண்டும். உதவி ஆறு மாதத்திற்கு ஒருமுறை கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படல் வேண்டும். இரண்டு, அதனினும் முக்கியமானது. இப்பையன் தோற்றுத் திரும்பலாம். பெரும்பாலோர் திரும்புகின்றனர் என்பதை மறைக்கவில்லை. அவ்வாறு திரும்பும் நாளில், பந்தின் பின்னே போனவன் என்று இவ்வீதியில் ஒருவரும் நகையாதிருத்தல் வேண்டும். இங்கு மண்டி நடத்துவோருள் எவரேனும் ஒருவர், திரும்பி வந்தால் என் கடையில் ஓரிடம் உண்டு என்று இன்றே எழுதிக் கொடுப்பாராயின், அது நாம் தரும் பணத்தினும் பெரிய உதவியாகும். பின்னே ஒரு காவல் உண்டு என்று அறிந்தவனே முன்னே அஞ்சாது அடி வைப்பான். இது ஆட்டத்திற்கும் பொருந்தும், வாழ்வுக்கும் பொருந்தும்.

என் பழைய மாணவன் இன்று இம்மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். ஞாயிறுதோறும் ஆம்பூரிலிருந்து வந்து, கோட்டை மைதானத்தில் நம் பிள்ளைகட்குத் தடுத்தாடும் முறையைக் கற்பிப்பதாக வாக்களித்திருக்கிறான். பதினான்கு ஆண்டுகட்கு முன்னர் யான் அவனிடமிருந்து வாங்கிக்கொண்ட பந்தை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் திருப்பித் தருகிறேன். அவன் பொறுத்தருள்வானாக.